வைப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ்: வெறுங்கால் ஓட்டத்தைத் தொடங்குவோருக்கு

வெறுங்காலுடன் ஓட ஆசைப்பட்டும், சாலையில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளுக்கு அஞ்சித் தயங்குவோருக்கு, இத்தாலிய நிறுவனமான வைப்ரத்தின் ஃபைவ்ஃபிங்கர்ஸ் காலணியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை இருப்பதால், பெருவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நுழைத்த பிறகே குதிகாலை இழுத்துவிட வேண்டும். சுண்டுவிரல்தான் எளிதில் அடங்காது. அணிந்தபின், மெல்லிய ரப்பர் அடிப்பாகத்தின் வழியே சிறு கல்லின் முனைகூடப் பாதத்துக்குத் தெரிகிறது, அந்த உணர்வுக்காகவே இதை வாங்கலாம்.

குதிகாலுக்கு மெத்தை இல்லாததால், முன்பாதத்தை ஊன்றிக் குறுகிய அடிகளாக ஓடும் பழக்கம் பலருக்குத் தானாகவே வருகிறது. ஆனால் அதன் சுமை கெண்டைக்கால் தசையிலும் குதிகால் நாணிலும் விழுவதால், தொடக்கத்தில் வழக்கமான ஓட்டத்தின் முடிவில் சில நிமிடங்கள் மட்டும் அணிவதே நல்லது. வலி இருந்தால் அன்று கட்டாயம் ஓய்வுதான். இக்காலணியின் உடல்நலப் பயன்கள் குறித்த விளம்பரங்கள் மீது அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2014-இல் 37.5 இலட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. எனவே காயங்களுக்கு மருந்தென எண்ணி வாங்க வேண்டாம். விரல் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால், முடிந்தவரை நேரில் அணிந்து பார்த்தே அளவைத் தேர்ந்தெடுங்கள்.