கார் இன்சூரன்ஸை போனில் பேசிப் புதுப்பிக்கப் போகிறீர்களா? என் 1,86,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்

நேற்றுதான் கடைசி மெயில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான், ஒரே வரி. 1,86,000 என் கையைவிட்டுப் போன விஷயம் அவர்களைப் பொறுத்தவரை முடிந்துவிட்டதாம். இன்னொருவர் மாட்டக்கூடாது, அதனால் இன்றே எழுதுகிறேன்.

பல கம்பெனிகளின் பாலிசிகளை வரிசையாகக் காட்டி, விலை ஒப்பிட்டு விற்கும் ஓர் ஆன்லைன் தளம். என் பாலிசி முடியப்போகிற சமயத்தில் அங்கிருந்து ஒருவர் போன் செய்தார். நிதானமான குரல், அவசரப்படுத்தவே இல்லை. வண்டியின் மாடல், போன வருடப் பிரீமியம், கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் எல்லாவற்றையும் அவரே சொன்னார். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் பணம் வரும், உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராது, உங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துத் தரும் காம்ப்ரிஹென்சிவ் எடுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். அத்தனையும் சரியான தகவல். அதனால்தான் நம்பிக்கை வந்தது. "தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் வருமா?" என்று நேராகவே கேட்டேன். "எல்லாம் உள்ளே இருக்கு சார், நிம்மதியா இருங்க" என்றார். பிரீமியமும் போன வருடத்தைவிடக் குறைவு. கட்டினேன்.

எப்படிக் குறைந்தது என்று கிளெய்ம் போட்டபோதுதான் தெரிந்தது. முன்பு இருந்த எஞ்சின் பாதுகாப்பு, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷன் ஆகிய கூடுதல் கவர்கள் இரண்டையும் என்னைக் கேட்காமலே கழற்றிவிட்டிருக்கிறார்கள். போதாததற்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 15,000-ஐ நானே ஏற்பதாக வாலண்டரி டிடக்டிபிள் வேறு.

மழையில், சாலையில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டது. காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாதே, கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சின் போனது. பில் 2,12,000. நனைந்த கார்பெட்டும் வயரிங்கும் வெள்ளச் சேதத்தில் வரும், எஞ்சினுக்கு உள்ளே நடந்தது அதன் தொடர் விளைவு, தனி கவர் இல்லாமல் வராது என்றார் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் தேய்மானம் என்று பாதியைக் கழித்தார்கள். அந்த 15,000-ஐயும் கழித்தார்கள். வந்தது 26,000. மீதி 1,86,000 நான் கட்டினேன்.

தளத்தைக் கேட்டால் "கிளெய்ம் கம்பெனியின் முடிவு". கம்பெனியைக் கேட்டால் "விற்றவர்களைக் கேளுங்கள்". என்னிடம் பேசியவர் "இப்போ வேற டிபார்ட்மென்ட்". அழைப்பு பதிவாகிறது என்று சொல்லித்தானே பேச்சையே ஆரம்பித்தார்கள்? அந்தப் பதிவைக் கேட்டால், அது உள் பயிற்சிக்கு மட்டுமாம், வாடிக்கையாளருக்குத் தரமாட்டார்களாம். என் குரல் அது! மேலாளர் கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவே இல்லை. சாட்டில் போய்க் கேட்டால் புது பாலிசிக்குத் தள்ளுபடி காட்டுகிறது. 1,86,000 போனவனுக்குத் தள்ளுபடி!

யாருக்கு எந்த அளவு கவர் தேவை என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் அதில் நிற்கவில்லை. அவசரத்துக்குச் சில விஷயங்கள் மட்டும். பணம் கட்டும் முன் பழைய பாலிசியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, கூடுதல் கவர்களை வரி வரியாக ஒத்துப்பாருங்கள். டிடக்டிபிள் எவ்வளவு என்று பாருங்கள். வண்டியின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துப் போட்டாலும் பிரீமியம் குறையும், ஆனால் வண்டி திருட்டுப்போனால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும். போனில் சொல்வதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் அவர்களிடம் வாங்காதீர்கள். அப்புறம், தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள், எஞ்சின் கவர் இருந்தாலும் அதைக் காரணம் காட்டி மறுப்பார்கள். இழுவை வண்டியை வரவழையுங்கள்.