மத்தியான வெயிலில் இழுக்காத 5 வோல்ட் ரிலே

"ரிலே 5 வோல்ட்ல வாங்கவா, 12 வோல்ட்ல வாங்கவா மாப்ளே?" என்று மச்சான் நேற்று போனில் கேட்டார். என் வீட்டில் இருப்பது போலவே கிணற்று மோட்டாரை போனிலிருந்து போட அவருக்கும் ஆசை. போனின் உத்தரவைக் கேட்கும் ஒரு சின்ன போர்டு, ரிலேயின் காயிலுக்கு (சுற்றிய கம்பிக்கு) மின்சாரம் கொடுக்கும்; அது காந்தமாகி உள்ளே உள்ள தகட்டை 'டக்' என்று இழுத்தால், சுவிட்ச் போட்டதுபோல.

என்னிடம் இருப்பது எல்லாரும் வாங்கும் அந்த நீலக்கட்டி 5 வோல்ட் ரிலேதான். மூன்று வருடமாக ஓடுகிறது. மோட்டாரை நேராக அதில் மாட்டவில்லை; ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சின் காயிலுக்கு மட்டும் அது மின்சாரம் கொடுக்கிறது. அதனால் ரிலேயின் கான்டாக்ட் (உள்ளே தொடும் முனை) இன்றுவரை கருகவில்லை. அந்த விலைக்கு இவ்வளவு உழைப்பது பெரிய விஷயம்.

ஆனால் போன சித்திரையில் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. காலையில் ஒழுங்காக மோட்டார் போடும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டால் போர்டில் சிவப்பு விளக்கு எரியும், 'டக்' சத்தம் வராது. நீலக்கட்டியை விரலால் ஒரு தட்டு தட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும். புரோகிராமை மாற்றினேன், காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் டிரான்சிஸ்டரை மாற்றினேன், ரிலேயையே மாற்றிப் பார்த்தேன். புதியதும் அப்படியே.

கடைசியில் மீட்டரை ரிலே காயிலின் இரண்டு காலிலும் வைத்தேன். 4.2 வோல்ட்! மழையில் நனையக்கூடாது என்று, 5 வோல்ட் கொடுக்கும் சார்ஜரை வீட்டுக்குள் வைத்து, போர்டு வரை எட்டு மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்திருந்தேன். இந்தக் காயில் சுமார் 70 ஓம், 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். போர்டு இழுப்பதும் அதோடு சேர்ந்து, வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விட்டது.

20 டிகிரியில் இந்த ரிலே தகட்டை இழுக்க 3.75 வோல்ட் போதும். ஆனால் காயில் செம்புக் கம்பி. சூடு ஏற ஏற அதன் ஓம் கூடும், டிகிரிக்கு 0.39 சதவீதம். தகரக் கூரையின் கீழ் பெட்டி 60 டிகிரியைத் தொட்டால் 70 ஓம் 81 ஆகிவிடும், இழுக்க 4.3 வோல்ட் வேண்டும். என்னிடம் இருந்ததோ 4.2. தட்டினால் பிடித்ததற்கும் காரணம் உண்டு: உள்ளே இருக்கும் இரும்புத் தகடு காயிலோடு ஒட்டிவிட்டால், அதைப் பிடித்து வைக்க மிகக் குறைந்த கரண்டே போதும். முதல் இழுப்புக்குத்தான் பலம் வேண்டும்.

நான் வாங்கிய கடையின் இணையப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. '5 வோல்ட்' என்பதோடு சரி. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

சரி, நியாயமாகச் சொன்னால் தப்பு ஒயரில்தான். தடித்த ஒயர் போட்டதும் காயிலில் 4.8 வோல்ட் வந்தது; இந்தக் கோடை முழுக்க ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. இருந்தாலும் மச்சானிடம் 12 வோல்ட்தான் வாங்கச் சொன்னேன். அந்தக் காயில் 400 ஓம், 30 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். எட்டு மீட்டர் ஒயரில் கொஞ்சம் குறைந்தாலும் 11.5 வோல்ட்டாவது போய்ச் சேரும். 60 டிகிரியிலும் அதற்கு 10.4 போதும். போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்க, 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் கூடுதலாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். நானும் இனி 5 வோல்ட் ரிலே வாங்கப் போவதில்லை.