ட்ரெசர் சேஃப் 3: அந்தச் சிறு திரைக்காகவே வாங்கலாம்

டிஜிட்டல் நாணயம் வைத்திருப்பவர்கள் ஓடிபி, நுழைவு எண்ணை உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலி, நாணயத்தின் ரகசியச் சாவியைத் தனிக் கருவியில் பூட்டி வைக்கும் ஹார்டுவேர் வாலட் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது சரியன்று. முதலிரண்டும் கணக்கில் நுழைபவர் யார் என்பதை மட்டுமே சரிபார்க்கின்றன. வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தியிலாவது பெரும்பாலும் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் செயலியின் ஆறு இலக்க எண்ணில் அதுவும் கிடையாது. பிட்காயினில் ஒருமுறை உறுதியான பரிமாற்றத்தைத் திருப்பித் தர எந்த வங்கியும் இல்லை என்பதால், அனுப்புபவர் யார் என்பதோடு எங்கே எவ்வளவு போகிறது என்பதையும் உறுதிசெய்யும் முறையே வேண்டும்.

அந்த அளவுகோலில்தான் ட்ரெசர் சேஃப் 3 என்ற ஹார்டுவேர் வாலட்டை மதிப்பிடுகிறேன். 2014-இல் ட்ரெசர் ஒன் கருவியை வெளியிட்ட செக் நாட்டின் சடோஷிலேப்ஸ் நிறுவனம், 2023 அக்டோபரில் இதை அறிமுகப்படுத்தியது. கறுப்பு வெள்ளைத் திரையும் இரண்டு பொத்தான்களும் கொண்ட இதில் ப்ளூடூத்தும் இல்லை, பேட்டரியும் இல்லை. பரிமாற்றத்தைக் கணினி தயாரிக்கிறது. நாணயத்தை அனுப்ப உரிமை தரும் ரகசியச் சாவி கருவிக்குள்ளேயே இருந்து அதற்கு டிஜிட்டல் கையொப்பமிடுகிறது. அதற்கு முன் பெறுநரின் முகவரி நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்துத் திரையில் காட்டப்படுகிறது. பிறகு தொகையும் கட்டணமும் வருகின்றன. பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் பணம் நகரும். நகலெடுத்த முகவரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் தீநிரல் கணினியில் இருந்தாலும், கருவியின் திரையில் மாற்றப்பட்ட முகவரி அப்படியே தெரிந்துவிடும். முதலும் கடைசியும் மட்டும் பார்த்து விட்டுவிடாமல், பெறுநர் வேறு வழியில் அனுப்பிய முகவரியோடு முழுவதையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2024 ஜூலையில், டிஜிட்டல் நாணயங்களை வாங்கி விற்கும் இந்தியத் தளமான (எக்ஸ்சேஞ்ச்) வாசிர்எக்ஸ் சுமார் 23 கோடி டாலரைத் திருட்டில் இழந்தபோது, கணினித் திரையில் காட்டப்பட்ட விவரமும் உண்மையில் கையொப்பமான பரிமாற்றமும் வேறுவேறாக இருந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்ச் சுமார் 150 கோடி டாலரை இழந்ததும் இதே வகையில்தான். இரண்டிலும் பலர் கையொப்பமிட வேண்டிய ஏற்பாடும் ஹார்டுவேர் வாலட்டும் இருந்தன. எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பதைப் படிக்க முடியாதபோது அவை காப்பாற்றவில்லை. எத்தேரியம் என்ற நாணய வலையமைப்பில், நிரலாக எழுதப்பட்ட சிக்கலான ஒப்பந்தங்களுக்குக் கையொப்பமிடும்போது சேஃப் 3-இன் திரையிலும் பல வேளைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தரவே வரும். அதைப் புரிந்துகொள்ள முடியாதவர் ஒப்புதல் தரக் கூடாது. அவ்வகைப் பயன்பாடு அதிகமுள்ளவர்கள் பெரிய வண்ணத் தொடுதிரை கொண்ட சேஃப் 5-ஐப் பார்க்கலாம், அங்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்றாலும்.

உள்ளே இன்ஃபினியன் நிறுவனத்தின் பாதுகாப்புச் சில்லு இருக்கிறது. ஆனால் கையொப்பக் கணக்குகளைச் செய்வது அருகிலுள்ள சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் என்ற வேறொரு சில்லு. அதிலுள்ள மென்பொருளை, மின்னழுத்தத்தைக் குலைக்கும் தாக்குதலால் மாற்றியமைக்க முடியும் என்று 2025 மார்ச்சில் போட்டி நிறுவனமான லெட்ஜரின் ஆய்வகம் காட்டியது. கருவி உங்களிடம் வந்துசேரும் வழியிலோ பின்னரோ வேறு எவர் கையிலாவது சிக்கினால்தான் அது சாத்தியம். ஆகவே தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அறிமுகமில்லாத விற்பனையாளரிடம் வாங்காமல், தயாரிப்பாளரிடமோ அவர் அங்கீகரித்த கடையிலோ வாங்குங்கள். ட்ரெசரின் சொந்த மென்பொருளின் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்க முடிவதும், குறைகளை வெளியாட்கள் தேடிக் கண்டுபிடிக்க முடிவதும் எனக்கு இதன் மீதுள்ள நம்பிக்கையைக் கூட்டுகின்றன.

நாணயத்தை எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. அவர் கணினியில் செருகும் யூபிகீ போன்ற பாதுகாப்புச் சாவியைத் தன் கணக்கோடு இணைப்பதே பொருத்தம், ஏனெனில் அது தளத்தின் உண்மையான முகவரியில் மட்டுமே வேலை செய்யும். போலித் தளத்தில் ஓடிபியைப் பறிகொடுப்பதுபோல இதைப் பறிகொடுக்க வழியில்லை. பிட்காயினைச் சொந்தப் பொறுப்பில் பல ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவருக்கு சேஃப் 3-ஐத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கருவி தொலைந்தால் நாணயத்தைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி வைக்கவும், ஒருபோதும் படமெடுக்க வேண்டாம். கூடுதல் கடவுச்சொல்லை அமைத்தால் அதை அந்தத் தாளிலிருந்து வேறிடத்தில் வைக்கவும்.