கேரவன் ஃபிரிட்ஜுக்கு "ரீகேஸ்" என்று பில் போட்டால் காசு கொடுக்காதீர்கள்

ஆஸ்திரேலியாவில் கேரவன் (காரின் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு வண்டி) வைத்திருக்கும் நம் ஆட்கள், முக்கியமாகப் பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், அடுத்த சர்வீஸுக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது எல்.பி.ஜி. கேஸ், 12 வோல்ட், 240 வோல்ட் மூன்றிலும் ஓடுகிற த்ரீ-வே ஃபிரிட்ஜ் என்றால், "உள்ளே குளிரூட்டும் கேஸ் குறைந்துவிட்டது, ரீகேஸ் பண்ண, அதாவது மறுபடி ஏற்ற வேண்டும்" என்று சொல்கிற ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள். இந்த ஃபிரிட்ஜில் எந்த ஒர்க்‌ஷாப்பும் சாதாரணமாக அப்படி ஒரு வேலையைச் செய்ய முடியாது. மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் அதற்கு என்னிடம் 480 டாலர் வாங்கியது. கூடவே "கூலிங் அப்கிரேட்" என்று இன்னொரு 350. ஃபிரிட்ஜ் முன்பு இருந்ததைவிட மோசமாகத்தான் ஆனது.

ஏன் முடியாது என்று சொல்கிறேன், இது தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் இருக்கும். த்ரீ-வே ஃபிரிட்ஜில் மோட்டாரே கிடையாது, அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது, பிறகு எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் இரும்புக் குழாய்க்குள் வைத்து வெல்டிங் செய்து மூடிவிடுவார்கள். கீழே கேஸ் பர்னரோ மின்சார ஹீட்டரோ அந்தக் கரைசலைச் சூடாக்க, அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போய், பின்பக்கத்தின் உச்சியில் இருக்கிற கண்டென்சர் தகடுகளில் வெப்பத்தை விட்டுத் திரவமாகி, உள்ளே இறங்கி ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை இழுத்துக்கொள்கிறது, அப்புறம் கீழே தண்ணீரில் கரைந்து பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. எல்லாமே வெப்பத்தாலும் புவியீர்ப்பாலும் நடப்பது, அதனால்தான் வண்டி சமமாக நிற்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் குழாயில் கேஸ் ஏற்ற வால்வு இல்லை. ஓட்டை விழுந்தால் பின்னால் அமோனியா நெடி மூக்கைப் பிளக்கும், குழாயில் மஞ்சள் கறை படியும், பொதுவாகக் கூலிங் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். நெடியும் இல்லை, கறையும் இல்லை என்றால் பெரும்பாலும் உள்ளே எதுவும் "குறையவில்லை". (12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதில் கேஸ் ஏற்றலாம், ஆனால் அதைச் செய்கிறவரிடம் ஏ.ஆர்.சி. உரிமம் (குளிரூட்டும் கேஸைக் கையாளுவதற்கான ஆஸ்திரேலிய உரிமம்) இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.)

சரி, எனக்கு நடந்தது. ஃபிரிட்ஜ் வெயில் நாளில் சரியாகக் குளிரவில்லை, வண்டி ஓடும்போது 12 வோல்ட்டில் சுத்தமாகக் குளிரவில்லை. இரண்டையும் தெளிவாகச் சொல்லி அக்டோபரில் வண்டியை விட்டேன். அந்த ஆள் பின்பக்க மூடியைக் கழற்றாமலேயே, கதவைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டு "கேஸ் லோ" என்றார். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது, அதைப் பெருமையாகக் காட்டினார். இங்கேதான் ஏமாற்று வேலை ஒளிந்திருக்கிறது, கவனியுங்கள். அக்டோபர் மாதம், கூரைக்குக் கீழே நிழலில், சமதளத்தில், காலி ஃபிரிட்ஜை 240 வோல்ட்டில் ஒரு நாள் முழுக்கப் போட்டு வைத்தால் யார் தொடாவிட்டாலும் 4 டிகிரி வரும். என் வீட்டு வாசலில் இரவில் போட்டாலும் அதே 4 டிகிரிதான் வந்துகொண்டிருந்தது. அதாவது கூலிங் யூனிட் நன்றாகவே இருக்கிறது என்பதற்கான சாட்சியை, தான் பழுதுபார்த்ததற்கான சாட்சியாகக் காட்டிப் பணம் வாங்கிவிட்டார். பில்லில் "ரீகேஸ், பர்னர் சர்வீஸ், 12 வோல்ட் செக் ஓகே, ஃபேன் கிட்" என்று நான்கு வரி.

ஜனவரியில் மில்டுராவுக்குப் போனோம். அந்தப் பக்கம் ஜனவரியில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம் என்பது முரே ஆற்றுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். திருச்சியிலிருந்து வந்திருந்த என் மாமனாரும் கூட வந்தார், இன்சுலின் போடுகிறவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மதியம் ஃபிரிட்ஜுக்குள் 16 டிகிரி. பால் திரிந்தது, இட்லி மாவு டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்து கீழ்த்தட்டு முழுக்க ஓடியது, அதெல்லாம் போகட்டும், துடைத்துவிடலாம். வயதான மனிதரின் மருந்தை எஸ்கியில் (ஐஸ் பெட்டியில்) ஐஸோடு போட்டு, ஐஸில் நேராகப் பட்டு உறைந்துவிடக் கூடாது என்று துண்டில் சுற்றி, மணிக்கொரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது என் மனைவி. "பரவாயில்லம்மா, விடு" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் ஏறியது. காசு வாங்கியவர் பின்பக்கத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.

போன் செய்தால் அடுத்த கதை தயாராக இருந்தது: "அப்படியென்றால் யூனிட் செத்துவிட்டது, புது ஃபிரிட்ஜ் போட வேண்டும், 2,600 ஆகும்." அதற்கு நான் சம்மதிக்கவில்லை. திரும்பும் வழியில் பெண்டிகோவில் ஒரு வயதான கேஸ்ஃபிட்டரிடம் காட்டினோம். அவர் முதலில் கேட்ட கேள்வியே "240 வோல்ட்டில் இரவில் குளிர்கிறதா?" என்பதுதான். ஆமாம் என்றதும், "அப்படியானால் யூனிட்டுக்கு ஒன்றுமில்லை, பின்பக்கத்தைப் பார்ப்போம்" என்றார்.

பின்பக்கம் இருந்த நிலை இது. கண்டென்சருக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவில் சுமார் 90 மில்லிமீட்டர் இடைவெளி. இருக்க வேண்டியது ஏறக்குறைய 25 மில்லிமீட்டருக்குள். அவர் விளக்கியது அப்படியே மனதில் பதிந்துவிட்டது: கீழ் வென்ட்டில் (வண்டிச் சுவரில் இருக்கிற காற்றுத் துளையில்) நுழைகிற காற்று சூடாகி மேலே போகும்போது கண்டென்சர் தகடுகளுக்கு ஊடே போனால்தான் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், பின்னால் அகலமாக வழி கிடைத்தால் தகடுகளைத் தொடாமலே சுவரோரமாகப் போய்விடும். போதாததற்கு ஃபிரிட்ஜின் தலைக்கு மேலே காலியிடம் திறந்து கிடந்தது. சூடான காற்று அங்கே போய்த் தேங்கி, வெளியேறாமல் கண்டென்சருக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டிலும் அடைப்பு இல்லை. இது குளிர்ச்சிக்கு மட்டும் கேடு என்று நினைக்காதீர்கள், பர்னர் புகை வண்டிக்குள் வரவும் அதே ஓட்டைதான் வழி. நாம் தூங்குகிற இடத்துக்குள் கார்பன் மோனாக்சைடு வரும் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்!

அந்த 350 டாலர் "கூலிங் அப்கிரேட்" என்ன தெரியுமா? இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன். கீழ் வென்ட்டில், காற்றை வெளியே தள்ளும் திசையில் பொருத்தியிருந்தார்கள். மேலே ஏறப் பார்க்கிற காற்றை இது கீழே இழுக்கிறது, பர்னர் சுடரையும் அலைக்கழிக்கிறது. நேராக பேட்டரியில் இணைத்திருந்ததால் இரவும் பகலும் ஓடி பேட்டரியையும் தின்றுகொண்டிருந்தது. பர்னர் சர்வீஸ் என்று பணம் வாங்கினார்களே, புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருத் தூள் வருடக்கணக்காகப் படிந்து பர்னர் மேலே குவிந்திருந்தது. பர்னர் மூடித் திருகுகளில் பெயிண்ட் கூடக் கலையவில்லை.

12 வோல்ட் "செக் ஓகே"வையும் அந்த கேஸ்ஃபிட்டர் பரிசோதித்தார். என்ஜின் ஓடும்போது ஃபிரிட்ஜின் முனையில் மீட்டர் வைத்தால் 10.6 வோல்ட்தான் வருகிறது. காரணம் காரிலிருந்து ஃபிரிட்ஜ் வரை போன ஒயர். கடையில் "4 மி.மீ. ஆட்டோ கேபிள்" என்று விற்கிறார்களே, அது மேலுறையோடு சேர்த்த விட்டம், உள்ளே செம்பு 2 சதுர மில்லிமீட்டர்கூட வராது. ஹீட்டர் 15 ஆம்பியர் போல இழுக்கிறது, அவ்வளவு நீளத்துக்கு அந்த ஒயரில் 3 வோல்ட் போய்விடும். ஹீட்டர் தரும் வெப்பம் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 12-க்குப் பதில் 10.6 வந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெப்பம் போயே போச்சு. மெல்பர்னிலிருந்து நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு போனால் போய்ச் சேரும்போது ஃபிரிட்ஜ் வெதுவெதுப்பாக இருப்பதற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

அவர் செய்தது எளிமையான வேலை. தகரத் தகடு வளைத்துக் கண்டென்சருக்குப் பின்னால் காற்று நெருங்கிப் போகும்படி தடுப்பு வைத்தார், ஃபிரிட்ஜின் தலையிலிருந்து மேல் வென்ட்டின் மேல் விளிம்பு வரை சாய்வாக இன்னொரு தகடு, பக்கங்களை அடைத்தார். புகைக்குழாய் பக்கத்தில் ஃபோம் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும் என்று இரண்டு முறை சொன்னார். அதே இரண்டு ஃபேனையும் கழற்றி, மேல் வென்ட் பக்கம் வெளியே இழுக்கும்படி வைத்து, சூடு ஏறினால் மட்டும் ஓடுகிற தெர்மோஸ்டாட் சுவிட்சில் இணைத்தார். பர்னரைச் சுத்தம் செய்து, கேஸ் அழுத்தம் 2.75 கிலோபாஸ்கல் இருக்கிறதா என்று அளந்தார், கசிவு சோதனை செய்தார், கையெழுத்துப் போட்ட கம்ப்ளையன்ஸ் சான்றிதழ் கொடுத்தார். ஒயரை 6 பி அண்ட் எஸ் அளவுக்கு, அதாவது 13.5 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினார். எல்லாம் சேர்த்து 620 டாலர். அடுத்த மாதம் எச்சூகாவில் வெளியே 37 டிகிரி, கேஸில் ஓடும்போது உள்ளே 5. அதே ஃபிரிட்ஜ், அதே "செத்துப்போன" யூனிட்.

42, 43 டிகிரி வெயிலில் இந்த வகை ஃபிரிட்ஜ் திணறத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று எழுதியிருக்கும். N என்றால் 32 டிகிரி வரைக்கும், ST என்றால் 38, T என்றால் 43 வரைக்கும் வடிவமைத்தது. N கிளாஸ் ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு மில்டுரா வெயிலில் போராடுகிறவர்களிடம் "அப்கிரேட்" விற்பது ரொம்ப சுலபம், அதனால் முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். காசு செலவில்லாமல் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாளே 240 வோல்ட்டில் போட்டுவிடுங்கள், உள்ளே வைப்பதை வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து எடுத்து வையுங்கள், கேரவன் பார்க்கில் வென்ட் இருக்கிற பக்கம் மேற்கு வெயிலைப் பார்க்காதபடி நிறுத்துங்கள், கதவு ரப்பரில் ஒரு கரன்சி நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள். தட்டுகளை அடைத்து நிரப்பாமல் காற்று போக இடம் விடுங்கள். கேஸ் லைனைத் தொடுகிற வேலையை மட்டும் தயவுசெய்து நீங்களே செய்யாதீர்கள், உரிமம் உள்ள கேஸ்ஃபிட்டர்தான் செய்ய வேண்டும், சான்றிதழ் தர மறுக்கிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டது தனிக் கதை. போனில் கத்தினால் எதுவும் நடக்காது. பெண்டிகோ கேஸ்ஃபிட்டரிடம் "இந்த ஃபிரிட்ஜில் ரீகேஸ் செய்ய முடியாது, திறந்து வெல்டிங் செய்த தடயம் எதுவும் இல்லை" என்று எழுதி வாங்கினேன், அவர் வேலை தொடங்கும் முன் எடுத்த படங்களைச் சேர்த்தேன், 2011-இலிருந்து நடைமுறையில் இருக்கிற ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, 14 நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் பதிலே இல்லை. மாநில நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்கு அதன் நகல் போனதும் 480 டாலர் திரும்ப வந்தது, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல். ஃபேன் கிட்டுக்கும், நடக்காத பர்னர் சர்வீஸுக்கும் இன்னும் தரவில்லை. அதற்காக இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கிற விக்டோரியா மாநிலத்தின் வீகேட் (VCAT) தீர்ப்பாயத்தில் மனு போடுகிறேன். அது முடியும் வரை ஒர்க்‌ஷாப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, கேட்க வேண்டாம்.

த்ரீ-வே ஃபிரிட்ஜுக்கு "ரீகேஸ்" என்று வரி போட்ட பில் உங்களிடமும் இருந்தால், எந்த ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் சரி, பில்லைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். நான் அனுப்பிய மின்னஞ்சலின் மாதிரியைத் தருகிறேன், உங்கள் விவரங்களை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும்.