கோதுமை வாரியமா, திறந்த சந்தையா: கனடா விவசாயிகளின் நீண்ட சண்டை

மேற்குக் கனடாவில் கோதுமை போட்டவர்களுக்கு 1943 முதல் 2012 வரை அதை ஏற்றுமதிக்கோ உள்நாட்டு மாவு மில்லுக்கோ விற்க ஒரே வழிதான் இருந்தது: வினிபெக்கில் இருந்த கனடியக் கோதுமை வாரியம். ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிட்டோபா, கூடவே பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ரிவர் பகுதி, இத்தனையும் அதன் எல்லைக்குள். அங்கே இதை ‘சிங்கிள் டெஸ்க்’ என்பார்கள். இது இருக்கவேண்டும் என்றவர்களும் ஒழியவேண்டும் என்றவர்களும் ஒரே ஊரில், பல சமயம் ஒரே குடும்பத்தில் இருந்தார்கள்.

வாரியம் 1935-இல் தொடங்கியபோது விருப்பப்பட்டவர்கள் மட்டும் அதனிடம் விற்றால் போதும். போர்க்காலத்தில்தான் கட்டாயமானது. காரணம், கோதுமை விலை மளமளவென்று ஏறிவிடாமல் பிடித்துவைக்க அரசு விரும்பியது. பின்னாளில் விவசாயியின் கவசம் என்று கொண்டாடப்பட்ட ஏற்பாடு, அவனுக்குக் கூடுதல் விலை போய்விடாமல் பார்த்துக்கொள்ளப் பிறந்தது. வாரிய ஆதரவாளர்கள் இதை அதிகம் பேசமாட்டார்கள்.

சரி, வாரியத்திடம் விற்றால் பணம் எப்படி வரும்? அறுவடை முடிந்து, ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் எலிவேட்டரில், அதாவது உயரமான தானியக் கிடங்கில், லாரியைக் கவிழ்த்ததும் முன்பணம் கிடைக்கும். அது உத்தேச விலையில் சுமார் முக்கால் பங்கு. இதற்கு மத்திய அரசு உத்தரவாதம். சந்தை சரிந்து வாரியம் நஷ்டப்பட்டாலும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஆண்டு முழுக்க வாரியம் விற்ற பணம் ஒரே கணக்கில் சேரும். செலவு போக மீதியைத் தரவாரியாகப் பிரித்து, இடையிலும் கடைசியிலும் காசோலையாக அனுப்புவார்கள். அக்டோபரில் கொடுத்தவருக்கும் ஜூனில் கொடுத்தவருக்கும் ஒரே தரம் என்றால் ஒரே விலை. ஆனால் பயிர் ஆண்டு ஜூலை 31-இல் முடிந்து, கணக்கு பார்த்து, கடைசிக் காசோலை கைக்கு வர டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். அதற்குள் அடுத்த அறுவடையே முடிந்திருக்கும்.

திறந்த சந்தையில் இந்தக் காத்திருப்பு இல்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் தானியச் சந்தையில் பின்னால் கொடுக்கப்போகும் கோதுமைக்கு இன்றே பேசும் முன்பேர விலையைக் கைப்பேசியில் பார்த்து, நான்கு கம்பெனியைக் கேட்டு, பிடித்த அன்றைக்கு விற்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். சொந்தக் களஞ்சியம் நிறைய வைத்திருப்பவருக்கு இது நல்ல வசதி. உரக்கடைக் கடனுக்காக அறுவடை நெரிசலிலேயே விற்றாக வேண்டியவருக்கு அப்படியில்லை. விலை படுத்துக்கிடக்கும் நேரம் அதுதான்.

மொத்தத்தில் எந்த முறையில் விலை அதிகம் என்று பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். ஒரே ஆண்டின் கோதுமையை இரண்டு விதமாகவும் விற்றுப் பார்க்க வழியில்லாததால் அந்த வாதம் முடியவே இல்லை. என் பார்வையில் விலையைவிட இரண்டு விஷயங்கள்தான் முக்கியம்.

முதலாவது, தன் பொருளை விற்கத் தனக்கு உரிமை உண்டா என்பது. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நல்ல விலை என்று தெரிந்தாலும் நேராகக் கொண்டுபோக முடியாது. காகிதத்தில் வாரியத்துக்கு விற்று, வாரியம் சொல்லும் விலைக்கு அதே கோதுமையைத் திரும்ப வாங்கிய பிறகுதான் உரிமம் கிடைக்கும். 1990-களில் சிலர் இதை மீறி லாரியோடு எல்லை தாண்டினார்கள். ஒருவர் கொண்டுபோனது ஒரே ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, அதுவும் அமெரிக்கச் சிறுவர் மன்றம் ஒன்றுக்கு நன்கொடையாக. அபராதம் கட்டமாட்டோம் என்று நின்ற 13 ஆல்பர்ட்டா விவசாயிகள் 2002-இல் லெத்பிரிட்ஜில் சிறைக்குப் போனார்கள். கிழக்கே ஒன்டாரியோ விவசாயிக்கு இந்தத் தளை இல்லை என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். நம் கடைகளில் மைசூர்ப் பருப்பாக விற்கும் சஸ்காட்செவன் பருப்பும், கனோலா என்ற எண்ணெய் வித்தும் வாரியத்துக்குள் வந்ததே இல்லை. அவற்றைத் தாமே விலை பேசி விற்றுப் பழகிய தலைமுறைக்குக் கோதுமைக்கு மட்டும் ஏன் காவல் என்று தோன்றியதில் வியப்பில்லை. இந்த விஷயத்தில் வாரியத்திடம் நல்ல பதில் இருக்கவில்லை.

இரண்டாவது, ரயில். சஸ்காட்செவன் வயலிலிருந்து வான்கூவர் துறைமுகம் 1,500 கிலோமீட்டருக்கு மேல். போக இருப்பவை சிஎன், சிபி (2023 முதல் சிபிகேசி) என்று இரண்டே ரயில் கம்பெனிகள். 1996-97 குளிர்காலத்தில் வண்டி வராமல் தானியம் தேங்கியபோது வாரியம் இரண்டின் மீதும் புகார் கொடுத்தது. ஒன்று சமரசத்துக்கு வந்தது, மற்றதற்கு எதிராக 1998-இல் தீர்ப்பு வந்தது. தனி விவசாயி ஒருவரால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வாரியத்தின் ஏகபோகம் 2012 ஆகஸ்ட் 1-இல் முடிந்தது. அடுத்த ஆண்டே அதுவரை காணாத விளைச்சல். கோதுமை மட்டும் 3.75 கோடி டன். கடுங்குளிரில் ரயில் திணற, எலிவேட்டர்கள் நிரம்பி வழிந்தன. துறைமுகத்தில் நல்ல விலை, வயலோரத்தில் அடிமாட்டு விலை. சந்தையைத் திறந்துவிட்ட அதே அரசு 2014 மார்ச்சில், ஒவ்வொரு ரயில் கம்பெனியும் வாரத்துக்கு 5 லட்சம் டன் ஏற்றியே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டது. வாரியம் இருந்திருந்தாலும் புதிதாக வண்டிகள் முளைத்திருக்காது, அது உண்மை. ஆனால் துறைமுக விலைக்கும் வயல் விலைக்கும் இடையில் விழுந்த அந்தப் பெரிய இடைவெளிப் பணம், பழைய முறையில் பொதுக் கணக்குக்கு வந்து விவசாயிக்கே பிரிந்திருக்கும். இப்போது அது தானியக் கம்பெனிகளிடம் தங்கியது. வாரியத்துக்காகச் சொல்லப்பட்ட வாதங்களில் இதைத்தான் நான் வலுவானதாக நினைக்கிறேன்.

அப்புறம், நடுவழி. ‘வாரியமும் இருக்கட்டும், வெளியிலும் விற்கிறோம்’ என்பது. கோதுமையைப் போலவே வாரியத்தின் கையில் இருந்த பார்லிக்கு 2007-இல் நடந்த வாக்கெடுப்பில் இதற்குத்தான் அதிக ஓட்டு: 48.4 சதவீதம். வாரியம் மட்டும் போதும் என்றவர்கள் 37.8, வாரியமே வேண்டாம் என்றவர்கள் 13.8. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் இது ஏற்கெனவே நடந்து பார்த்த விஷயம். விருப்ப வாரியமாக இருந்த 1938-இல் அது புஷலுக்கு 80 சென்ட் என்றது. சந்தை விலை அதற்குக் கீழே போனதால் விளைச்சலெல்லாம் வாரியத்தின் தலையில் வந்து விழுந்து, பெரும் நஷ்டம். விலை ஏறிய காலத்திலோ யாரும் எட்டிப்பார்க்கவில்லை. போதாததற்கு வாரியத்துக்குச் சொந்தமாக எலிவேட்டரே கிடையாது. கட்டாயம் போய்விட்டால், போட்டிக் கம்பெனியின் கிடங்கிலேயே இடம் கேட்டு நிற்க வேண்டும்.

2011-இல் வாரியம் தானே நடத்திய வாக்கெடுப்பில் கோதுமைக்கு 62 சதவீதம், பார்லிக்கு 51 சதவீதம் பேர் ஏகபோகம் தொடரட்டும் என்றார்கள். பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பரின் அரசு அதைக் கணக்கில் எடுக்காமல் அந்த டிசம்பரிலேயே சட்டம் இயற்றியது. முறை அது அல்ல. விவசாயிகளிடம் கேட்காமல் மாற்றக் கூடாது என்று வாரியச் சட்டத்திலேயே இருந்தது. இதை எதிர்த்த வழக்கில் முதல் தீர்ப்பு அமைச்சருக்கு எதிராக வந்து, மேல்முறையீட்டில் மாறியது.

ஏகபோகம் போன பிறகு வாரியம், விருப்பப்பட்டவர் மட்டும் விற்கும் விருப்ப வாரியமாக மூன்று ஆண்டு ஓடியது. 2015-இல் அதன் 50.1 சதவீதம், அமெரிக்கத் தானிய வணிக நிறுவனமான பங்கியும் சவுதி அரேபிய அரசு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்த கூட்டுக்குக் கைமாறி, ஜி3 கனடா ஆனது. விவசாயிகளே 1920-களில் கட்டிய சஸ்காட்செவன் கோதுமைக் கூட்டுறவும் இதற்குள் பங்குச்சந்தை நிறுவனமாகி, வைட்டெரா என்று பெயர் மாற்றி, 2012-இல் சுவிஸ் சரக்கு வணிக நிறுவனமான கிளென்கோர் கைக்குப் போயிருந்தது. 2025-இல் அந்த வைட்டெராவும் பங்கியோடு சேர்ந்துவிட்டது. நிறையக் களஞ்சியமும் எல்லைக்குப் பக்கத்தில் நிலமும் இருந்தால் நானும் திறந்த சந்தைக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். அது இல்லாதவர், கேட்டுப்பார்க்க நான்கு கம்பெனி தன் ஊரில் உண்டா என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.