ஏற்காட்டில் இரண்டு இரவு, நான்கு கோளாறு

நான் போய்வந்த மனநல ஓய்வு முகாமுக்கு மொத்தம் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்றரை சமையல்கட்டுக்குப் போய்விடும்.

நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி 'மனநல ஓய்வு முகாம்'கள் மலை இருக்கிற ஊரில் எல்லாம் முளைத்திருக்கின்றன; ஆள் மாறினாலும் நடைமுறை மாறாது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி ஒன்றைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடட்டும்.

நான் சேலம் இரும்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன ஐப்பசியில் என் மனைவி தவறிவிட்டாள். சிறுநீரகம். மூன்று வருஷம் டயாலிசிஸ். மகள் பெங்களூரில் இருக்கிறாள். "போன்ல 'ம்', 'ம்'னு மட்டும்தான் சொல்றீங்க. ஒரு தடவ போயிட்டு வாங்கப்பா" என்று அவளே பணம் கட்டிவிட்டாள். ரூ. 19,500. இரண்டு இரவு, மூன்று வேளைச் சாப்பாடு, 'முழுமையான மனநல மதிப்பீடு', தனி ஆலோசனை, குழு அமர்வு, கடைசியில் அறிக்கை. அம்மாப்பேட்டையில் இருக்கும் அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வருஷம் திரும்பல, அதுக்குள்ள மலை ஏறப் போறியா தம்பி?" என்றாள். சேர்வராயன் கோயில் பக்கமே போக மாட்டேன் என்று சொல்லி சமாதானப்படுத்திவிட்டு, வைகாசியில், கோடை விழாக் கூட்டம் வடிந்த பிறகு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபோது காது அடைத்துக்கொண்டது.

இடம் நல்ல இடம். பழைய காப்பித் தோட்டத்து வீடு, பெரிய சில்வர் ஓக் மரங்கள், அதில் படர்ந்த மிளகுக் கொடி. அறை சுத்தம், வெந்நீர் உண்டு, கம்பளி மட்டும் கொஞ்சம் நாற்றம். சமையல்காரர் பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். அந்தத் தோட்டத்து மிளகையே தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்தார். வாய்க்கு ருசி தெரிந்து சாப்பிட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது, மூன்று கரண்டி வாங்கி ஊற்றிக்கொண்டேன். காப்பிக்கு ஓட்ஸ் பால் வைத்திருந்தார்கள், உடம்புக்கு நல்லதாம். காப்பி விளைகிற மலையில் இந்தப் பாவத்தை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் மாட்டுப்பால் காய்ச்சிக் கொண்டுவந்தார்.

இனி மதிப்பீடு. வந்து பையை வைத்ததும் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தார்கள். நான்கு படிவம். முதலாவது பி.எச்.க்யூ-9 என்கிற ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் உங்களைத் தொந்தரவு செய்தது: இல்லவே இல்லை என்றால் 0, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டினால் அதிகபட்சம் 27. பத்திலிருந்து பதினான்கு வரை வந்தால் மிதமான மனச்சோர்வு. இது 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் உருவானது. ஃபைசர் மருந்துக் கம்பெனி அதற்கு நிதி கொடுத்தது. உலகம் முழுக்க யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கேள்விகள் மோசமில்லை. பொது மருத்துவரிடம் வருகிற ஆட்களில் யாரிடம் இன்னும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சலித்தெடுக்க அது நல்ல கருவி.

தூக்கம் எப்படி என்று ஒரு கேள்வி. மூன்று வருஷம் இரவு மூன்று மணிக்கு எழுந்து அவளுக்கு மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பேன். உடம்பு இன்னும் அந்த நேரத்துக்கு எழுந்துகொள்கிறது. 3 மதிப்பெண். பசி எப்படி? ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க மனசில்லாமல் பல சாயங்காலம் இரண்டு தட்டுவடை செட்டோடு முடித்துக்கொள்கிறேன். 2. பேப்பர் படிப்பது, டிவி பார்ப்பது மாதிரி விஷயங்களில் மனம் நிற்கவில்லையா என்றும் உண்டு. அவள் பார்க்கும் சீரியல் ஓடுகிற நேரத்தில் டிவியைப் போடுவதில்லை. அதற்கு என்ன எண் போடுவது? 2 போட்டேன். மொத்தம் 14 வந்தது.

அடுத்த நாள் 'வெல்னஸ் கோச்' என்ற பையன் வந்தான். இருபத்தேழு வயது இருக்கும், மரியாதையான பிள்ளை, "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டான். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், பதிவு எண் இருக்கும். உன் எண் என்னப்பா என்றேன். கோச்சுக்கு அது தேவையில்லை அங்கிள் என்றான். உண்மைதான். அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளாத வரைக்கும் கேட்பார் இல்லை. அவனோடு இருந்தது முக்கால் மணி நேரம். அதில் பாதி நேரம் டேப்லெட்டில் வந்த கட்டங்களைத்தான் விளக்கினான். மாலை குழு அமர்வில் வட்டமாக நின்று பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் ஓசூரிலிருந்து வந்த ஒரு அம்மா. இருவரும் ஒரே நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டோம்.

கிளம்பும்போது வண்ண அறிக்கை. மிதமான மனச்சோர்வு, நீடித்த துக்கக் கோளாறு, தூக்கமின்மைக் கோளாறு, சமூகப் பதற்றக் கோளாறு. நான்காவது அந்தக் கட்டிப்பிடிக்காததற்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். இரும்பாலை வாசலில் தொழிற்சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்தவன் நான். கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு வார ஆன்லைன் சிகிச்சை, ரூ. 24,000, ஒரு வாரத்துக்குள் சேர்ந்தால் தள்ளுபடி.

தூக்கம் வராதவனுக்குப் படிக்க நேரம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். மனநோய்களைப் பட்டியல் போடும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடுதான் மூலம். 1952-இல் முதல் பதிப்பு 130 பக்கம் சொச்சம். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு 947 பக்கம். ஒருபாலீர்ப்பு 1973 வரை அதில் நோயாக இருந்தது. பிறகு சங்கமே நீக்கியது. சேர்த்ததும் நீக்கியதும் கமிட்டிதான், எவரும் ரத்தம் எடுத்துப் பரிசோதித்துக் கண்டுபிடித்ததில்லை. நான்காம் பதிப்பு உருவாக்கத்துக்குத் தலைமை வகித்த ஆலன் ஃபிரான்சிஸ் என்ற மருத்துவரே ஐந்தாம் பதிப்பு சாதாரண வாழ்க்கையை நோயாக்குகிறது என்று வெளிப்படையாகச் சண்டை போட்டார். துக்கத்தில்தான் அவருக்குப் பெரிய கோபம். நான்காம் பதிப்பில், நெருங்கியவர் இறந்து இரண்டு மாதம் வரை மனச்சோர்வு என்று சாதாரணமாக முத்திரை குத்தக்கூடாது என்று விலக்கு இருந்தது. 2013-இல் அதை எடுத்துவிட்டார்கள். கணக்குப்படி இரண்டு வாரம் போதும். நம்மூரில் கருமாதியே பதினாறாம் நாள்!

ஆனால் என் அறிக்கையில் இருந்த 'நீடித்த துக்கக் கோளாறு' வேறு. அது 2022 மார்ச்சில் வந்த திருத்தப் பதிப்பில் சேர்ந்தது. பெரியவர்களுக்கு, இறப்பு நடந்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதே பெயர் உண்டு, அங்கே ஆறு மாதம் போதும். எனக்கு ஏழாம் மாதம். ஆக நான் ஜெனீவாவில் நோயாளி, அமெரிக்காவில் வெறும் துக்கக்காரன். இதைப் படித்து ராத்திரி தனியாகச் சிரித்தேன். இரண்டு நூலிலும் ஒரு விஷயம் மட்டும் ஒன்றாக இருக்கிறது: அந்த மனிதரின் சமூகத்தில், மதத்தில் எதிர்பார்க்கிற அளவை அந்தத் துக்கம் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் என்ன? ஒரு வருஷம் பண்டிகை இல்லை, மலைக்கோயில் இல்லை, வருஷத் திவசம் முடிந்துதான் வீட்டில் நல்ல காரியம். ஏழாம் மாதத்தில் நான் கலகலப்பாக இருந்திருந்தால்தான் அக்கா கவலைப்பட்டிருப்பாள். அந்தப் பையன் வழக்கம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பெயரை எழுதியிருக்க முடியாது.

அதனால் உளவியல் எல்லாவற்றையும் நோயாக்குகிறது என்று மொத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூல் பருத்தது உண்மை. ஆனால் நூல் போட்ட வேலியைக் கூடத் தாண்டி விற்கிறது கடை. ஆலையில் நாங்கள் எஃகுச் சுருளைச் சோதிக்கும்போது மேற்பரப்பில் கோடு தெரிந்தால் சாக்பீஸில் குறி போட்டுத் தனியாக ஒதுக்குவோம். அது லேபுக்குப் போகும், லேப் சொன்ன பிறகுதான் கழிவு. இங்கே சாக்பீஸ் குறியையே தீர்ப்பாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த ஒன்பது கேள்வியில் கடைசி, செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வந்ததா என்பது. நான் 1 போட்டிருந்தேன். சில நாள் அவளோடேயே போயிருக்கலாம் என்று தோன்றும், அதை மறைக்க விருப்பமில்லை. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் அன்றைக்கே எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அந்தக் கருவியைக் கையாளுகிறவர்களுக்கு முதல் பாடம். முகாமில் யாரும் கேட்கவில்லை. அந்த 1, மொத்தத்தில் கூட்டப்பட்டு 14-இல் கரைந்துவிட்டது. நான்கு பெயர் வைத்தவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கூட இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று ஒரு இரவில் நாற்பது தடவை எழுந்து பார்ப்பவன். வீட்டில் அதைப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தார்களாம். இதற்கு ஒரு பெயர் உண்டு, மருந்து உண்டு, பழக்கிக்கொள்ளப் பயிற்சி உண்டு என்று அவனுக்குத் தெரிந்தது போன வருஷம் ஒரு மனநல மருத்துவர் சொல்லித்தான். அந்தப் பெயர்தான் அவனைக் காப்பாற்றியது. பெயரே வைக்காமல் சங்கிலி போட்ட காலத்தையும் நாம் பார்த்தவர்கள்தானே. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம். தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருந்தது, 10.6 சதவீதம், அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவே இல்லை. பத்தொன்பதாயிரம் கட்டுகிறவனுக்கு நான்கு பெயர். கட்ட முடியாதவனுக்கு ஒன்றுகூட இல்லை.

ஜி.எச். மனநல ஓ.பி.க்கும் போனேன், அறிக்கையை எடுத்துக்கொண்டு. அங்கே வசதி என்று பேச ஒன்றுமில்லை. காலையிலேயே வரிசை, மின்விசிறி சத்தம், அடுத்த நோயாளியின் காது என் முதுகுக்குப் பின்னால். எனக்குக் கிடைத்தது சில நிமிஷம். அந்த இளம் டாக்டரம்மா அறிக்கையின் கடைசிக் கேள்வியில் விரலை வைத்து, "இது என்னங்கய்யா? சாகணும்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கலாம்னு யோசிச்சீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். பிறகுதான் மற்றது: எத்தனை மாசம் ஆச்சு, யார் சமைக்கிறா, குடிப்பீங்களா. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். மாத்திரை இல்லை. ஐப்பசி கழிந்தும் இப்படியே இருந்தால் வாங்க, அந்த நினைப்பு கூடினால் அன்னைக்கே வாங்க, நடுராத்திரின்னா இதுக்குப் போடுங்க என்று சீட்டின் பின்னால் 14416 என்று எழுதிக் கொடுத்தார். அரசின் டெலி-மானஸ் எண், 24 மணி நேரமும், காசில்லை. யாருக்காவது தேவைப்படலாம், குறித்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு என் கருத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன், மாதக் கணக்கையும் ஒன்பதாவது கேள்வியையும் குறிப்பிட்டு. நோயை ஏற்க மறுப்பதும் ஓர் அறிகுறிதான் என்று பதில் வந்தது. அதற்கு ஐந்தாவதாக ஒரு பெயர் வைத்திருக்கலாம், விட்டுவிட்டார்கள். தள்ளுபடிச் செய்தி மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மதிப்பீடு செய்கிறவருக்கு மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணோ, மருத்துவக் கவுன்சில் பதிவோ இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அறிக்கையில் கோளாறு என்று எழுதினால் எந்த நூல்படி, எத்தனை மாதக் கணக்கு என்று கேளுங்கள். திணறினால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாம். அறையும் சாப்பாடும் மட்டும் தனியாகத் தருவார்களாம், ஓர் இரவுக்கு ரூ. 3,200 என்று சமையல்காரர் சொன்னார். மதிப்பீடு வேண்டாம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.