ஒரே மலை, இரண்டு சேவ்: 'செலஸ்ட்' ஐந்து வருட அனுபவம்

எனக்கும் அக்காவுக்கும் கேம் விஷயத்தில் ஒத்துப்போனதே கிடையாது. நான் ஒன்றை எடுத்தால் அதன் கடைசி மூலைவரை போய்ப் பார்க்காமல் விடமாட்டேன். அவளுக்குக் குழந்தை தூங்கிய பிறகு கிடைப்பது அரை மணி நேரம். அதிலும் பாதி நாள் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவாள். ஐந்து வருடமாக எங்கள் இருவரின் சேவும், அதாவது ஆடிய இடம்வரை கேம் வைத்திருக்கும் பதிவும், அழியாமல் இருக்கும் ஒரே கேம் 'செலஸ்ட்'.

2018இல் வந்தது. மேடலின் என்ற பெண், தன் மனப் பதற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஒரு மலையில் ஏறுகிறாள். தாவலாம், சுவரைப் பிடித்து ஏறலாம், காற்றில் ஒருமுறை பாயலாம். பாய்ந்துவிட்டால் அவளுடைய சிவப்பு முடி நீலமாகிவிடும், தரையில் கால் பட்டதும் பழையபடி சிவப்பு. திரை ஓரத்தில் மீட்டர், எண் எதுவும் கிடையாது. யாரும் சொல்லித்தராமலே அக்கா இதை முதல் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் ஆடிய பிறகு நானும் அந்த முடியைப் பார்த்துத்தான் ஆடுகிறேன்.

ஒரு கேம் தரமானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை சாதாரணமானது. தோற்கும்போது யார்மேல் கோபம் வருகிறது? 'சரியாத்தான் அழுத்தினேன், இதுதான் கேக்கல' என்று தோன்றினால் கிராபிக்ஸ் எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு வேண்டாம். செலஸ்டில் அப்படித் தோன்றியதே இல்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. மேடலினை இயக்கும் நிரலை, கேமை உருவாக்கியவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தால், விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்வரை தாவ விடுகிறது. தரையில் இறங்குவதற்குச் சற்று முன்பே பட்டனைத் தட்டிவிட்டால் அதையும் நினைவில் வைத்திருந்து தாவ வைக்கிறது. தலை ஒரு மூலையில் இடித்தால் ஓரமாக நகர்த்தி மேலே அனுப்புகிறது. சுவரிலிருந்து இரண்டு பிக்சல் தள்ளி இருந்தாலும் சுவரை உதைத்துப் பாயலாம். இவ்வளவு சலுகை இருப்பது அக்காவுக்குத் தெரியவே தெரியாது. 'எனக்குக் கை பழகிடுச்சு' என்கிறாள். எனக்கோ, வேகமாக ஓடும்போது இதே சலுகைகள்தான் ஆயுதம். இதில் நான் மயங்கிப்போனேன்.

செத்தால் ஒரு நொடிக்குள் அதே அறையின் தொடக்கத்தில் நிற்போம். முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் அக்கா முந்நூறு தடவைக்கு மேல் செத்தாள், ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நடுவில் குழந்தை அழுதால் சேவ் செய்துவிட்டு எழுந்து போவாள், திரும்பி வந்தால் விட்ட அறையிலேயே மேடலின் காத்திருப்பாள். நான் எட்டு மாதம் ஆடிய ஒரு போன் கேம், இரண்டு நாள் வராவிட்டால் பரிசு போச்சு என்று மிரட்டும். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட அதற்கு வருகைப் பதிவு கொடுத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

அசிஸ்ட் மோட் பற்றி என் கருத்து மாறிய கதையையும் சொல்ல வேண்டும். அதில் கேமின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், களைப்பே வராமல் சுவரில் தொங்கலாம், சாகாமலும் இருக்கலாம். ஆரம்பத்தில் இதைக் கிண்டல் செய்தவன் நான். அக்கா எண்பது சதவீத வேகத்தில் மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்த இரவில், என் சேவில் எதுவும் குறைந்துபோகவில்லை என்பது உறைத்தது. எனக்கான சவாலும் ஒளித்துவைக்கப்படாமல் அங்கேயே இருக்கிறது. ஒளிந்திருக்கும் கேசட்டை எடுத்தால் அதே அத்தியாயத்தின் பி-சைடு, அதாவது இன்னும் கொடூரமான மறுவடிவம், திறக்கும். வழியில் சேகரிக்கக் கிடைக்கும் ஸ்ட்ராபெரிகளில் தங்க ஸ்ட்ராபெரி வேண்டுமென்றால் ஒரு அத்தியாயம் முழுவதையும் ஒருமுறைகூடச் சாகாமல் முடிக்க வேண்டும். கடைசி அறையில் அதைத் தவறவிட்ட அனுபவம் எனக்கு மூன்று உண்டு.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தின் ஹோட்டல் இழுவை. சாமான் குவியலைச் சுத்தம் செய்ய முன்னும் பின்னும் அலைந்து அலுத்துப்போய் அக்கா இரண்டு மாதம் தொடவேயில்லை. 2019இல் இலவசமாக வந்த 'ஃபேர்வெல்' அத்தியாயம் அதுவரை யாரும் கற்றுத்தராத ஒரு வித்தையைக் கேட்கிறது. அதற்குப் பாடம் நடத்த நடுவில் ஒரு ஸ்லைடு ஷோ வருவது வேடிக்கைதான், ஆனால் அந்த ஏற்றம் எனக்கே செங்குத்து. அப்புறம், சுவரைப் பிடிக்கும் பட்டனை அழுத்தியே வைத்திருந்து என் ஆள்காட்டி விரல் வலித்தது. செட்டிங்கில் பட்டனை மாற்றிய பிறகுதான் சரியானது.

சாதாரண ஸ்ட்ராபெரிகள் மொத்தம் 175. எடுத்தால் புது சக்தி எதுவும் வராது, ஆசைக்கு எடுக்க வேண்டியதுதான். நான் எல்லாம் முடித்துவிட்டேன். அக்காவிடம் 61 இருக்கிறது. போன வாரம் றெக்கை வைத்த ஒன்று அவளிடமிருந்து திரும்பத் திரும்பப் பறந்து போய்க்கொண்டிருந்தது. பாய்ந்தால் அது ஓடிவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"டேய், சொன்னே, கொன்னுடுவேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.